அறுபத்தொன்றாவது மாணவன்

மாமியாரிடம் உதவியாளராக வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு கேவலமான வேலையாக இருந்தாலும் வாயில் சர்க்கரை தடவித்தான் சொல்வார்.

"மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த மேசைக்கு அடியில கொஞ்சம் நுழைஞ்சு பாருங்க."

மாப்பிள்ளை நுழைந்தார். முப்பத்தெட்டு வயது. தொப்பை முதலில் போய்ச் சேரும், ஆள் அப்புறம் வருவார். கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கைபேசிகள் பிழைத்தன, கடை பிழைக்கவில்லை. ஆறு மாதமாக அத்தையின் துப்பறியும் நிறுவனத்தில் இரண்டாவது ஆள். நிறுவனத்தில் இருப்பதே இரண்டு ஆள்தான் என்பது வேறு விஷயம்.

"ஏதாவது தெரியுதா?"

"தெரியுது அத்தை. இந்த ரூமைக் கூட்டிப் பெருக்கி வருஷக்கணக்காகுது."

"ஒட்டுக்கேட்கிற கருவி மாதிரி எதுவும்?"

"ஒத்தைச் செருப்பு ஒண்ணு கிடக்கு. அது ஒட்டுக்கேட்கிற மாதிரி தெரியல."

அத்தை தலையசைத்துக்கொண்டார். முப்பது வருடம் தேர்வுப் பறக்கும் படையின் தலைவியாக இருந்தவர். அவர் காலடிச் சத்தம் கேட்டால் சட்டைக் கைக்குள் இருக்கும் துண்டுச்சீட்டு தானாக வெளியே வந்து விழும் என்று பேச்சு. ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டில் இருப்பவர்களின் பாக்கெட்டுகளைச் சோதிக்க ஆரம்பித்தார். வீட்டாரே கையெடுத்துக் கும்பிட்டு, வெளியே போய்த் துப்பறியுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

மேசைக்கு எதிரே விறைப்பாக நின்றிருந்தார் புகார்தாரர். தர்க்கவியல் பேராசிரியர். முப்பத்தாறு வருடமாக இந்தப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்கு ஒழுங்காக யோசிக்கக் கற்றுக்கொடுப்பவர். தன் மனைவியிடம்கூட "முதலாவது, இரண்டாவது" என்று எண்ணித்தான் பேசுவார் என்று கேள்வி.

"முதலாவது," என்றார் இப்போதும். "பல்கலைக்கழகம் ஆரம்பிச்சிருக்கிற இணைய வகுப்புத் தளத்துல எனக்கு ஒரு பக்கம் இருக்கு. பாடம், அறிவிப்பு, வினாத்தேர்வு, எல்லாம் அதுலதான். ரெண்டாவது, அந்தப் பக்கத்துக்குள்ள எவனோ ஒரு மாணவன் புகுந்துட்டான். தினமும் என்னைத் திட்டறான்."

அத்தனைக்கும் ஆதாரம் வைத்திருந்தார். தளத்தில் வந்த ஒவ்வொன்றையும் தாளில் அச்செடுத்து, ஓட்டை போட்டு, நாடா கட்டி, பக்க எண் போட்டு ஒரு கோப்பு. கணினியில் இருப்பதைத் தாளில் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும்.

அத்தை முதல் தாளைப் படித்தார்.

'இந்தப் பாடத்துக்கும் உனக்கும் வெகு தூரம். நேரத்தை வீணாக்காமல் வேறு வேலையைப் பார்.'

இரண்டாவது தாள், அதே வாசகம். மூன்றாவதும் அதே. மொத்தம் ஏழு. ஏழும் காலை ஐந்தரை மணியை ஒட்டி வந்தவை.

"அடுத்ததையும் பாருங்க," என்றார் பேராசிரியர். சொல்லும்போது அவர் காது மடல் சிவந்தது.

'விடு மச்சான், அழாத. நாங்களும் இப்படித்தான்.'

"மச்சானா?" என்றார் மேசைக்கடியிலிருந்து மாப்பிள்ளை.

"என்னை! தர்க்கவியல் பேராசிரியரை! ஒன்பது தடவை மச்சான்னு எழுதியிருக்காங்க. நான் போடற அறிவிப்புக்கு ஒருத்தனும் பயப்படறதில்ல, சிரிக்கற பொம்மை போடறான். என் வினாவுல கை வச்சு நேரத்தையும் குறைச்சுட்டான். நான் வச்சது ஒரு கேள்விக்கு இருபது விநாடி. இப்போ இருபதுன்னு போட்டுட்டு எட்டு விநாடிதான் குடுக்கறான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்று கேட்டார் அத்தை.

பேராசிரியரின் கை ஒரு கணம் தன் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. "வினா சரியா வேலை செய்யுதான்னு தினம் காலைல நானே ஒரு தடவை சரிபார்ப்பேன். அது என் வழக்கம்."

பிறகு விரல் மடக்கி முடிவுக்கு வந்தார். பக்கத்துக்குள் நுழையக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர், ஆசிரியர்களுக்குத் தளத்தைச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் பயிற்சியாளர். தான் கொடுக்கவில்லை. எனவே அந்தப் பெண்தான் மாணவனிடம் கொடுத்திருக்க வேண்டும். இன்று மாலை நாலு மணிக்குப் பதிவாளர் முன்னால் விசாரணை. அதற்குள் அந்த மாணவன் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை அங்கேயே ரத்து செய்துவிடுவார்கள். கண்டுபிடிக்காவிட்டாலும் செய்வார்கள்.

"எங்க வீட்டுலயும் இதே தர்க்கம்தான் சார்," என்று தூசியோடு வெளியே வந்தார் மாப்பிள்ளை. "எது காணாமப் போனாலும், வீட்டுல எல்லாரும் எடுக்கல, அதனால நான்தான்."

அத்தை சிரிக்கவில்லை. கோப்பின் பக்க எண்களைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தார். பதினாறுக்கு அடுத்து பதினெட்டு இருந்தது.

*

பயிற்சியாளரைப் பல்கலைக்கழகம் முழுக்க 'பொத்தான் டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். எதை எப்போது அழுத்த வேண்டும் என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதால் வந்த பெயர். மாடிப்படிக்குக் கீழே, முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறைதான் அவள் அலுவலகம். உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். இருபத்தொன்பது வயசுப் பெண், அட்டைப்பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலு மணிக்கு மேல அடுக்க நேரம் குடுக்க மாட்டாங்க," என்றாள். "அதான் இப்பவே."

"கடவுச்சொல்லைக் குடுத்தியாம்மா?" அத்தை நேராகவே கேட்டார்.

"அவர் கடவுச்சொல் எனக்கு மட்டும் இல்லம்மா, இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். அவரே அதைத் தாள்ல எழுதிக் கணினி மேல ஒட்டி வச்சிருந்தார். நான்தான் கிழிச்சேன். ஆனா சத்தியமா யாருக்கும் குடுக்கல."

அவள் இரண்டு வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எல்லாம் கோடி கும்பிடு போட வேண்டிய ஆட்கள். ஒருவர் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். மாணவர்கள் அந்தப் பாடத்துக்குத்தான் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். இன்னொருவர் 'சுட்டியை மேலே கொண்டு போங்க' என்றதும் அதைத் தூக்கித் திரையில் வைத்துத் தேய்த்தார். மூன்றாமவர் மாணவர்களின் கட்டுரைகளைத் திரையிலேயே சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டார். இத்தனையையும் சொல்லும்போது பொத்தான் டீச்சர் முகத்தில் கேலி இல்லை. தன் பிள்ளைகளின் குறும்பைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"திட்டு வர்றது எங்கிருந்துன்னு நீயே உள்ள போய்ப் பாக்கலாமே?"

"புகார் வந்த அன்னிக்கே என் கணக்கை முடக்கிட்டாங்க. நான் எதையும் தொட முடியாது." அவள் நாடாவை இழுத்துப் பெட்டியை ஒட்டினாள். ஒட்டிய இடம் கோணிக்கொண்டது. "வேலை போனாப் போகட்டும்மா. 'மாணவனுக்கு ரகசியம் கொடுத்தவர்'னு எழுதி அனுப்புவாங்க. அதுக்கப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல நான் போய் நிக்கறது? எங்க அப்பாகிட்ட இன்னும் சொல்லவே இல்ல."

கடை மூடிய அன்று மாப்பிள்ளையும் வீட்டில் மூன்று நாள் சொல்லாமல் இருந்தவர்தான். நகைச்சுவையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். பிறகு குனிந்து பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தையின் கண் பெட்டிக்குள் இருந்த ஒரு நீள நோட்டில் விழுந்தது. "வருகைப் பதிவா?"

"பயிற்சி நாள் கையெழுத்து. காலைல ஒண்ணு, டீ குடிச்சதுக்கு அப்புறம் ஒண்ணு. ரெண்டாவதுல பாதிப் பேர் இருக்க மாட்டாங்க."

வருகைப் பதிவைக் கண்டால் அத்தைக்குப் பசி தாகம் தெரியாது. பக்கம் பக்கமாகப் புரட்டி ஒரு இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"போகலாம் மாப்பிள்ளை. மணி ரெண்டே முக்கால்."

*

"மாப்பிள்ளை, நீங்க என் பொண்ணைத் திட்டுவீங்களா?" நடைவழியில் போகும்போது அத்தை கேட்டார்.

மாப்பிள்ளை நடையை நிறுத்தினார். "ஐயோ அத்தை, கனவுலகூட..."

"சும்மா சொல்லுங்க. கோவத்துல திட்டும்போது நேத்து திட்டின அதே வார்த்தையை ஒரு எழுத்து மாறாம இன்னிக்கும் திட்டுவீங்களா?"

"அது எப்படி முடியும்? போகப் போக ரெண்டு வார்த்தை கூடத்தானே வரும்."

"அதான். இங்க ஏழு நாளும் ஒரே திட்டு. ஒரு புள்ளி கூடல, குறையல. இது கோவமே இல்லாத திட்டு. ரப்பர் முத்திரை மாதிரி குத்தியிருக்கு. எதுக்கோ பதிலாத் தானா வருது."

"சரி, அந்த 'விடு மச்சான்'?"

"அது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. அது மனுஷங்க எழுதினது. பாசமா எழுதினது. ஒரே ஆளு திட்டிட்டு ஆறுதலும் சொல்லுவானா?"

"கல்யாணம் ஆனவங்க செய்வாங்க அத்தை," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நூலக வாசல் படிகளில் தர்க்கவியல் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை வருவதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எல்லோரும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்கள். ஒருவன் காலுறையைக்கூடக் கழற்ற ஆரம்பித்தான்.

"கழட்டாதப்பா, நான் ஓய்வு வாங்கியாச்சு," என்று சொல்லி அத்தை கோப்பிலிருந்து ஒரு தாளை நீட்டினார். "இதை எழுதினது யாரு?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பயப்படவில்லை. சலித்துக்கொண்டார்கள்.

"இதுவா? இது எங்க எல்லாருக்கும் வந்துச்சும்மா," என்றாள் ஓரத்தில் இருந்த ஒரு பெண். பை மேல் ஒரு படிவத்தை வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். "தர்க்கவியல் வினா எழுதி, பத்துக்கு அஞ்சுக்குக் கீழ எடுத்தா உடனே வரும். சார் அப்படி வச்சிருக்காரு. அறுபது பேர்ல நாப்பத்தொரு பேருக்கு வந்திருக்கு."

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். அத்தையின் புருவம் ஒரு நூல் உயர்ந்தது.

"சாரே எழுதி வச்சதா?"

"ஆமா. பத்துல ஏழு கேள்விக்கு எழுதித்தான் பதில் சொல்லணும். ஒண்ணுக்கு இருபது விநாடி. படிச்சு முடிக்கறதுக்குள்ள மூடிக்கும். நான் நாலு எடுத்தேன்." படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். பாடத்திலிருந்து விலகும் விண்ணப்பம். "சாரே நமக்கும் இதுக்கும் வெகு தூரம்னு சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு உட்காரணும்? அவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

அவள் அழவில்லை. ஆனால் பேனாவைத் தேவைக்கு மேல் அழுத்தியிருந்ததில் தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. மாப்பிள்ளைக்குப் பேராசிரியர் மேல் கோபம் கோபமாக வந்தது.

"சரி, மச்சான் யாரு?"

இதைக் கேட்டதும் படிக்கட்டே கலகலத்தது.

"சோதனையா? எங்க ஆளும்மா அவன்!" என்றான் காலுறைக்காரன். "வகுப்புல அறுபது பேரு. தளத்துல அறுபத்தொண்ணு காட்டுது. கடைசிப் பேரு 'சோதனை மாணவர்'. யாருன்னே தெரியாது. தினம் காலைல அஞ்சரை மணிக்கு வந்து வினா எழுதுவான். தினம் தோத்துப்போவான். அப்புறம் பொதுப் பலகைல வந்து புலம்புவான்."

"புலம்பறது மட்டுமா? 'அனைவரும் ஒழுங்காக இருக்கவும்'னு எங்களுக்கே அறிவுரை வேற சொல்லுவான்," என்றான் இன்னொருவன். "செம ஆளு. ஆனா பாவம். அதான் நாங்க, விடு மச்சான்னு எழுதுவோம்."

அந்தப் பெண் தன் கைபேசியில் பொதுப் பலகையைத் திறந்து காட்டினாள். சோதனை மாணவர் நேற்று எழுதியிருந்தது:

'நான்காம் கேள்விக்கு நான் எழுதிக்கொண்டிருந்த விடை: மேற்கண்ட கூற்றை ஆராயப் பு. இத்துடன் மூடிவிட்டது. இது என்ன அநியாயம்? விதியை மாற்றியவன் யார்?'

அத்தை அதை இரண்டு முறை படித்தார். "நாலாம் கேள்விக்கு நீ என்னம்மா எழுதின?"

"'தவறு'ன்னு எழுதினேன். ஒரு வார்த்தை. அதான் பதிலு."

"ஒரு வார்த்தை கேட்ட இடத்துல முன்னுரை எழுதறான். காலைல அஞ்சு மணிக்கு எழுந்து எழுதறான். தோத்துப்போனா படிக்காம, விதியை மாத்தினவன் யாருன்னு கேக்கறான்." அத்தை கோப்பை மூடினார். "முப்பது வருஷத்துல எத்தனை மாணவனைப் பாத்திருப்பேன் மாப்பிள்ளை! இந்த மூணும் ஒரே மாணவன்கிட்ட இருந்து நான் பாத்ததே இல்ல."

"அப்போ யாரு அத்தை?"

"மணி மூணு நாப்பது. நீங்க ஓடிப்போய்ப் பொத்தான் டீச்சரைப் பதிவாளர் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க. ஏம்மா, உன் போனை அரை மணி நேரம் குடு. நீயும் அங்கேயே வந்துடு, உனக்கும் கையெழுத்து வேணுமே."

*

பதிவாளர் அறையில் நீள மேசை. மேசைத் தலைமாட்டில் பதிவாளர், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற முகத்தோடு. இருபுறமும் குழு உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒரு பக்கம் பேராசிரியர், முன்னால் அவருடைய மடிக்கணினி. எதிர்ப்பக்கம் பொத்தான் டீச்சர். ஒட்டிய அட்டைப்பெட்டியைக் கையோடு கொண்டுவந்து காலடியில் வைத்திருந்தாள். அந்தப் பெட்டியைப் பார்க்க மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை.

"மாணவன் கிடைச்சானா?" என்றார் பதிவாளர்.

"கிடைச்சுட்டான் சார். இங்கயே கூப்பிடலாம்," என்றார் அத்தை. "பேராசிரியர் சார், உங்க பக்கத்துல ஒரு அறிவிப்பு போடுங்க. எதுவா இருந்தாலும் சரி."

பேராசிரியர் வலதுகை ஆள்காட்டி விரலை நீட்டினார். ஒவ்வொரு எழுத்தையும் தேடி, கண்டுபிடித்து, குத்தினார். 'நாளை காலை எட்டு மணிக்கு அனைவரும் தவறாது வரவும்.' இந்த ஒரு வரிக்கு நாலரை நிமிடம் ஆனது. உறுப்பினர்களில் ஒருவர் லேசாகக் கண்ணயர்ந்தார். கடைசியில் புள்ளி வைத்து, தேதி போட்டு, அனுப்பினார்.

அத்தை பதிவாளர் கையில் கொடுத்திருந்த அந்த மாணவியின் கைபேசி 'டிங்' என்றது.

பதிவாளர் உரக்கப் படித்தார். "சோதனை மாணவர். 'நாளை காலை எட்டு மணிக்கு அனைவரும் தவறாது வரவும்.'"

டிங்.

"'வந்துட்டியா மச்சான்!'" என்று படித்துவிட்டுப் பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

டிங். "'எட்டு மணிக்கு நீ முதல்ல எழுந்திரு மச்சான்.'" கண்ணயர்ந்தவர் விழித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா!" பேராசிரியர் எழுந்தே விட்டார். "நான் எழுத எழுத அவன் திருடறான்! உடனுக்குடன் திருடறான்!"

"உட்காருங்க சார்," என்றார் அத்தை. பிறகு பொத்தான் டீச்சர் பக்கம் திரும்பினார். "பயிற்சியில, டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி கடைசியா நீ சொல்லிக்குடுத்தது என்னம்மா?"

"மாணவர் பார்வை," என்று ஆரம்பித்தாள் அவள். "நம்ம பக்கம் மாணவர்களுக்கு எப்படித் தெரியும்னு பாக்கறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. அதை அழுத்தினா ஆசிரியர் கணக்கு அப்படியே மாணவர் கணக்கா மாறிடும். தளமே சோதனை மாணவர்னு ஒரு பேரு..." அவள் கை தானாக வாய்க்குப் போனது.

"மறுபடி ஆசிரியரா வெளிய வர்றது?"

"டீக்கு அப்புறம்," என்றாள் விரல்களுக்கு நடுவிலிருந்து.

பேராசிரியர் திரையைப் பார்த்தார். மூலையில், எறும்பு அளவில், 'மாணவர் பார்வை' என்று எழுதியிருந்தது. பயிற்சி நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

"சார்," என்றார் அத்தை, தேர்வறையில் முப்பது வருடம் பேசிய அதே தணிந்த குரலில். "சட்டைப் பைல இருக்கற சீட்டை எடுத்து மேசை மேல வச்சிடுங்க."

பேராசிரியர் அவரைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துகொண்ட எத்தனையோ மாணவர்களின் பார்வை அது. மெல்ல எடுத்து வைத்தார். நாலாக மடித்த தாள். ஓரத்தில் பதினேழு என்று பக்க எண். நடுவில், பத்துக்கு மூன்று.

"ஏழு நாளும் மூணுதானா சார்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. கேலியாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் என்னவோ கேலியாக வரவில்லை.

பேராசிரியர் தலையசைத்தார்.

பதிவாளருக்குக் குழப்பம். ஆனால் பதிவாளர்களுக்குக் குழப்பம் வந்தால் யார் தலையிலாவது எழுதி மூடுவதுதான் பழக்கம். "அது சரி. வெளிய வர்றதைச் சொல்லிக்குடுக்காம விட்டது யார் தப்பு? அதுவும் பயிற்சியாளர் தப்புதானே?"

பொத்தான் டீச்சர் பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெரிய மனிதர் சுருங்கிப்போய் உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. "என் தப்புதான் சார். உள்ள போறதையும் வெளிய வர்றதையும் சேர்த்தே சொல்லியிருக்கணும்."

மாப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே இந்தப் பெண்! அத்தையின் கை வருகை நோட்டைத் திறக்கப் போனது. அதற்குள் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"அந்தக் கூற்று தவறு," என்றார் பேராசிரியர்.

எழுந்து நின்றார். எண்ணவில்லை. முதலாவதும் இல்லை, இரண்டாவதும் இல்லை.

"அவங்க டீக்கு அப்புறம் சொல்லிக்குடுத்தாங்க. நான்தான் இல்ல. 'எனக்கு இது போதும்'னு எழுந்து போயிட்டேன். போதும்னு போகல. பக்கத்துல என் பழைய மாணவன் உட்கார்ந்து என்னைவிட வேகமா எல்லாம் செஞ்சான். முப்பத்தாறு வருஷம் கத்துக்குடுத்தவனுக்கு, தெரியலன்னு கை தூக்க வெக்கமா இருந்துச்சு."

கோப்பிலிருந்து அந்தத் திட்டுத்தாளை உருவினார். "அப்போ இதுவும்..."

"நீங்க எழுதி வச்சதுதான் சார்," என்றாள் பொத்தான் டீச்சர் மெதுவாக. "அஞ்சுக்குக் கீழ எடுத்தா என்ன சொல்லணும்னு அன்னிக்கு நான் கேட்டேன். யோசிக்காம எழுதிக்குடுத்துட்டு மறந்துட்டீங்க."

"இதைப் படிச்சுட்டு ஏழு நாளா எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல," என்றார் பேராசிரியர். "எத்தனை பேருக்குப் போயிருக்கு?"

"நாப்பத்தொண்ணு," என்றார் அத்தை. "உங்களையும் சேர்த்தா நாப்பத்திரண்டு."

பேராசிரியர் அந்தத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு பதிவாளர் பக்கம் திரும்பியபோது குரலில் பழைய மிடுக்கு கொஞ்சம் வந்திருந்தது.

"என் புகாரோட கடைசிப் பத்தியைப் படிங்க."

பதிவாளர் தேடிப் படித்தார். "'குற்றவாளி எவராயினும், ஒருநாள் விடுப்புமின்றி முதலிலிருந்து முழுவதும் மீண்டும் கற்குமாறு உத்தரவிட வேண்டும்.'"

"குற்றவாளி கிடைச்சாச்சு. உத்தரவு போடுங்க. நான் மறுபடி கத்துக்கணும். கத்துக்கணும்னா கத்துக்குடுக்க ஆள் வேணும். ஆள் இருக்கணும்னா அவங்க ஒப்பந்தத்தை நீட்டிக்கணும். இதுல எங்கயாவது ஓட்டை இருந்தா சொல்லுங்க."

பதிவாளர் ஓட்டை தேடினார். கூரையில் தேடினார், உறுப்பினர்கள் முகத்தில் தேடினார். "எவ்வளவு நாளைக்கு நீட்டிக்கறது?"

"என் டைப் வேகத்தைப் பாத்தீங்கல்ல? குறைஞ்சது மூணு வருஷம் போடுங்க."

பதிவாளர் பேனாவை எடுத்தார். மாப்பிள்ளை யாரும் சொல்லாமலே குனிந்து, அட்டைப்பெட்டியின் நாடாவைப் பிய்த்து எறிந்தார். பொத்தான் டீச்சர் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "சார், அந்த மூலைல இருக்கற பொத்தானை அழுத்துங்க. முதல்ல வெளிய வாங்க," என்றாள். பேராசிரியர் விரலை நீட்டினார்.

*

அத்தையும் மாப்பிள்ளையும் வெளியே வந்தபோது அந்த மாணவி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் படிவம், காதில் பேனா.

"கையெழுத்துப் போடுவாரா?"

"உள்ள வகுப்பு நடக்குதும்மா. முடிய நேரம் ஆகும்," என்று சொல்லி அத்தை கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

இருபத்தைந்து நிமிடம் ஆனது. குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பதிவாளர் கடைசியாகப் போனார். உள்ளே ஒற்றை விரல் குத்தும் சத்தமும், "இல்ல சார், அதுக்குப் பக்கத்துல இருக்கறது," என்ற குரலும் மாறி மாறி வந்தன. மாப்பிள்ளைக்குக் கால் வலித்தது. ஆனாலும் போகலாம் என்று அவரும் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை.

அவள் கைபேசி 'டிங்' என்றது. மற்ற நாற்பது பேரின் கைபேசிகளும் அந்நேரம் ஒலித்திருக்க வேண்டும்.

அவள் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு திரையை மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

'இந்த வினாவில் நான் வாங்கியது மூன்று. நேர வரம்பை எடுத்துவிட்டேன். முன்பு வந்த செய்தியை எழுதியவன் நான்தான். அது தவறு. அதற்காக வெட்கப்படுகிறேன். என்னைவிட அதிகம் வாங்கியவர்கள் நாளை வந்து எனக்குச் சொல்லித்தரவும்.'

"அண்ணா, சாருக்கு மூணா?"

"ஏழு தடவையும்," என்றார் மாப்பிள்ளை.

"நான் நாலு!" என்றாள் அவள். படிவத்தை அவர் கையிலேயே திணித்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள்.